அக்காவின் காலும் குட்டியின் பல்லும்

என் மகளின் மணிக்கட்டில் மாவுக்கட்டைப் பிரித்த அதே வாரத்தில் என் மனைவி ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்த மகளைத் தெருமுனையில் நாய்கள் துரத்தியிருக்கின்றன. எதுவும் கடிக்கவில்லை. இவள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்து, ஜல்லிக் குவியலில் ஏறி விழுந்தாள். வேங்கிக்காலில் எங்கள் தெருவில் எப்போதும் யாராவது ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருப்பார். மணலுக்கும் ஜல்லிக்கும் குறைவில்லை, மணல்மேல் படுத்துக்கொள்ளும் நாய்களுக்கும் குறைவில்லை.

அதன் பிறகு அவள் சைக்கிளைத் தொடவில்லை. பக்கத்துக் கடைக்குக்கூடத் தனியாகப் போகவில்லை. பள்ளிக்கும் டியூஷனுக்கும் நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அது எனக்கு ஒன்றும் சுமையாக இல்லை. ஏழாம் வகுப்புப் பெண் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருவது இன்னும் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும்?

"அவ பயத்தை நீங்க வண்டியில வச்சு ஓட்டிட்டுத் திரியறீங்க" என்றாள் மனைவி. அவள் பள்ளி ஆசிரியை. யாருக்கு எது வராதோ அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது அவள் தொழில். கூட வேலை பார்க்கும் டீச்சர் வீட்டில் போட்ட குட்டிகளில் ஒன்றைத் துணிப்பையில் வைத்து எடுத்து வந்துவிட்டாள். சாதாரண நாட்டு நாய். செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் ஒரு வெள்ளை. பையிலிருந்து தலையை நீட்டி எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, முதல் காரியமாகப் பையின் காதைக் கடித்தது. மகள் சோபாமேல் ஏறி நின்றுகொண்டாள்.

ஒரு வாரம் கழித்து அதே சோபாவில் அவள் மடியில் அது தூங்கிக்கொண்டிருந்தது. பேர் வைப்பதில் மூன்று பேருக்கும் ஒத்துவராததால் குட்டி என்றே கூப்பிட்டோம். அந்த வாரக் கடைசியில் அவள் குட்டிக்குப் பால் வாங்கத் தனியாகக் கடைக்குப் போய்வந்தாள். நான் மாடியிலிருந்து அவள் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் குட்டி கடித்தது. குட்டிகள் கடிக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லார் வீட்டுக் குட்டியும் இப்படியா கடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஊசி ஊசியாகப் பால் பற்கள். கையை அது அவ்வளவாகச் சட்டை செய்யாது. கால்தான் வேண்டும். நடக்கும் கால், ஆடும் கால், கட்டிலிலிருந்து தொங்கும் கால். மனைவியின் கொலுசுச் சத்தம் கேட்டால் எந்த மூலையில் இருந்தாலும் ஓடிவரும். காலையில் பல் துலக்கப் போவதற்குள் என் இரண்டு குதிகாலிலும் கையெழுத்துப் போட்டுவிடும்.

எனக்கு ஒவ்வொரு கீறலும் ஒரு கண்டம். மூன்று மாதம் ஆனால்தான் வெறிநாய்த் தடுப்பூசி போடுவோம் என்று கால்நடை மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அதுவரை? குழாயடியில் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிக்கொண்டே நான் செல்போனில் படித்த படிப்பைப் பரீட்சைக்குப் படித்திருந்தால் இன்னும் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மனைவியும் மகளும் இருக்கும்போதே ஒருநாள் சொல்லிவிட்டேன்: "நம்ம மூணு பேரு சரி, நாம வளக்குறோம், தாங்கிக்கலாம். வெளி ஆளு ஒருத்தரக் கடிச்சா அன்னைக்கே இது கீழ்பென்னாத்தூர் போயிடும். எங்க அக்கா நெலத்துல மோட்டார் கொட்டாயில கட்டிப் போட்டுடுவாங்க."

"ஒரு தடவை கடிச்சாலேவா?" என்று மகள் கேட்டாள்.

"ஒரு தடவை கடிச்சாலே."

"அப்ப அதுக்குள்ள நிறுத்திட்டா போகாதில்ல? பேச்சு மாற மாட்டீங்களே?"

மாற மாட்டேன் என்றேன். அவள் நீட்டிய கையில் அடித்தும் கொடுத்தேன். அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலை.

கால்நடை மருத்துவர் இளம்பெண். குட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு என் மகளிடம்தான் பேசினார், என்னிடம் பேசவில்லை. கடித்தால் கத்தக் கூடாது, காலை இழுக்கக் கூடாது, அடிக்கவே கூடாது. இழுத்தால் அதற்கு அது விளையாட்டு. கம்பம் மாதிரி நின்றுவிட வேண்டும். பழைய துண்டை நனைத்து முடிச்சுப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து அதைக் கடிக்கக் கொடுக்க வேண்டும். துண்டைக் கடித்தால் தடவிக் கொடுக்க வேண்டும். அப்புறமும் காலுக்கே வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். "கால் கிட்ட இருந்து அதுக்கு ஒரு ரியாக்‌ஷனும் கிடைக்கக் கூடாது. அவ்ளோதான் பாப்பா."

மகள் கம்பமாக நின்று பழகினாள். பல் பதியும்போது கண்ணில் தண்ணீர் முட்டும், வாய் திறக்க மாட்டாள். என்னால்தான் முடியவில்லை. எனக்கு ரியாக்‌ஷன் குட்டி கடிப்பதற்கு முன்பே வந்துவிடும். அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வலித்தால்தானே கத்துவோம்? ஷூ போட்டுக்கொண்டால் வலிக்காது. வலிக்காவிட்டால் எல்லாரும் கம்பம்தான்.

வீட்டுக்குள் செருப்புப் போடாத குடும்பம் எங்களுடையது. ஆகவே தெருவையே மிதிக்காத புது கேன்வாஸ் ஷூ மூன்று ஜோடி வாங்கிவந்தேன். மனைவி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுப் போட்டுக்கலாமா? புது வண்டி மாதிரி?"

"கிண்டல் பண்ணாத. ஒரு மாசம். பல்லு விழற வரைக்கும்."

"சாமி அறைக்கு முன்னாடி கழட்டணும். சமையலறையில நான் போட மாட்டேன். சொல்லிட்டேன்."

ஆனால் போட்டாள். கட்டிலை விட்டு இறங்கும்போதே ஷூ, இரவு கட்டிலில் ஏறிய பிறகுதான் அதைக் கழற்றுவது என்று ஆயிற்று. குளிக்கப் போகும்போது குட்டி பின்பக்கம் வாஷிங்மெஷின் பக்கத்தில் கட்டிக் கிடக்கும். கேபிள் டிவிக்காரர் பணம் வாங்க வந்தவர் வாசலில் நின்று உள்ளே பார்த்து, "என்னா சார், வீட்டுக்குள்ளயே பரேடா?" என்று கேட்டார். தோசை சுடும்போது ஷூவும் நைட்டியுமாக நிற்கும் என் மனைவியைப் படம் எடுக்க முயன்று மகள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சில நாள் குட்டி ஷூவோடு போராடியது. நாடாவைப் பிய்த்தது. மூக்கை நுழைத்துப் பார்த்தது. யாரும் துள்ளவில்லை, யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. பிறகு அதற்கு அலுத்துவிட்டது. எங்கள் கால்களைத் தாண்டிப் போய்த் துண்டு முடிச்சைத் தூக்கிவந்து, என் ஷூவின்மேல் சாய்ந்து படுத்துக் கடிக்க ஆரம்பித்தது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. கலெக்டர் ஆபீசில் என் எதிர் மேசைக்காரரிடம் இந்த வித்தையை விளக்கிச் சொன்னேன். கடிப்பது நின்றுவிட்டது என்றே நினைத்தேன். குட்டி கற்றுக்கொண்டது வேறு. இந்த வீட்டில் மனிதர்களுக்குக் கால் என்று ஒன்று இல்லை, ஷூதான் இருக்கிறது, அது ருசியில்லாதது. இவ்வளவுதான் அதன் பாடம். அது எனக்குப் பௌர்ணமி அன்றுதான் தெரிந்தது.

என் அக்கா கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். பெரும்பாலான பௌர்ணமிக்கு அவள் தெருப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மலை சுற்ற வருவாள். அவலூர்பேட்டை சாலையில் அன்றைக்கென்று போடும் தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எங்கள் வீட்டில் காபி குடித்து, கொஞ்சம் காலை நீட்டிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்புவார்கள். அவளுக்குச் சர்க்கரை வெகுநாளாக உண்டு. வெறுங்காலோடு நடக்காதே என்று நான் சொல்வதும், "போடா, மலை சுத்தறதுக்குச் செருப்பு போட்டுட்டுப் போவாங்களா" என்று அவள் சொல்வதும் வழக்கம்.

அன்று மூவரும் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். என் காலைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டாள்.

"இன்னாடா இது, நடுவூட்டுல ஷூவு?"

குட்டியின் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்பக்கம் போய் அவிழ்த்து அழைத்து வந்தேன். அது நேராக என் ஷூவைத் தாண்டிப் போய் அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொண்டது. "பாருக்கா, எவ்ளோ அமைதி" என்றேன். கூட வந்த பெண்கள் இருவரும் முன்ஜாக்கிரதையாக சோபாவில் சம்மணம் போட்டுக்கொண்டார்கள். அக்காவுக்கு முட்டி மடங்காது. காலைத் தொங்கவிட்டபடி, அவர்கள் தெருவில் நின்றுபோன ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் காபி போட உள்ளே போனேன். அக்காவுக்குச் சர்க்கரை இல்லாமல் தனி டம்ளர்.

டம்ளரோடு திரும்பி வந்தபோது அக்கா இன்னும் அதே கதையில்தான் இருந்தாள். "மாப்புள்ள வீட்டுக்காரன் சொல்றான், மண்டபம் சின்னதாம்…" அவள் முகத்தில் சிரிப்பு. நாற்காலிக்குக் கீழே டைல்ஸில் சிவப்பாக ஏதோ தீற்றியிருந்தது. குங்குமம் கொட்டிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். குட்டி முன்னங்கால்களால் அவள் பாதத்தை அணைத்துக்கொண்டு, பெருவிரலைக் கடைவாயில் வைத்து, தலையைச் சாய்த்து மென்றுகொண்டிருந்தது. கோபமாக அல்ல. துண்டு முடிச்சை மெல்வது போல, சாவகாசமாக. அக்கா பேசிக்கொண்டேயிருந்தாள். மூன்று பெண்கள் இருந்த அறையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. காலுக்குச் சொந்தக்காரிக்கே தெரியவில்லை.

குட்டி கடித்துக்கொண்டிருந்தது அல்ல, அக்கா சிரித்துக்கொண்டிருந்ததுதான் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நான் வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வருவதற்குள் வாசல் பக்கத்திலிருந்து, "அப்பா, கத்தாதீங்க" என்று மகளின் குரல் கேட்டது. டியூஷனிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அப்போதுதான் வந்திருந்தாள். பையைக்கூடக் கழற்றவில்லை. "அத்தை, காலை அசைக்காதீங்க. அப்படியே பேசிட்டிருங்க." அவசரமில்லாமல் ஃபிரிட்ஜுக்குப் போனாள், நனைந்த துண்டை எடுத்தாள், தரையில் மண்டியிட்டுக் குட்டியின் மூக்கருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அதுவாக விரலை விட்டது. துண்டைக் கவ்வியது. தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கதவுக்கு அந்தப்பக்கம் கேட்டது.

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். "எப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

குழாயடியில் உட்காரவைத்து நீண்ட நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவள் கால் கூச்சத்துக்குக்கூட அசையவில்லை. பௌர்ணமிக் கூட்டத்துக்காகச் சாலையெங்கும் தடுப்பு வைத்திருந்தார்கள். சந்து சந்தாக வண்டியை ஓட்டி அரசு மருத்துவமனைக்குப் போனோம். கூட வந்த பெண்கள், "நாங்க உனுக்கும் சேத்து வேண்டிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு மலை சுற்றக் கிளம்பினார்கள். ஊசி போட்டார்கள், புண்ணுக்கு மருந்து வைத்தார்கள். காயம் ஆழமில்லை என்றார்கள். டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்து, அக்காவைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் இங்கும் அங்கும் தொட்டார்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுது சார்."

இரண்டாவது முறை டாக்டர் தொடவே இல்லை. இழை காற்றில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, சரியான பதில் சொன்ன பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். அவளுக்கு முள் குத்தினால் நான் அழுவேனாம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். குட்டியின் தட்டு, கயிறு, துண்டு முடிச்சு எல்லாவற்றையும் அந்தப் பழைய துணிப்பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் சொன்ன சொல். கையில் அடித்துக் கொடுத்த சொல்.

"அக்கா, இந்தக் குட்டிய உன் நெலத்துக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்றேன். "வெளி ஆளக் கடிச்சா அனுப்பிடறதுன்னு பேச்சு."

அக்கா கட்டுப் போட்ட காலை ஸ்டூலின்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள்.

"யாருடா வெளி ஆளு?"

"இல்லக்கா, இந்த வீட்ல இருக்கிற மூணு பேரத் தவிர…"

"அதத்தான் கேக்கறேன். யாரு வெளி ஆளு? கட்டிக் குடுத்தா வெளி ஆளா? உன் மூக்கைச் சிந்தி விட்டது வெளி ஆளாடா?"

"அண்ணி, அவரு அந்த அர்த்தத்துல சொல்லல" என்று மனைவி ஆரம்பித்தாள்.

"எந்த அர்த்தத்துல சொன்னான்? நீ சும்மா இரும்மா. போன பொங்கலுக்குச் சீர் எடுத்தாந்தான், அப்ப நான் யாரு?"

மகள் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாக, "அத்தை நம்ம வீட்டு ஆளுதானேப்பா" என்றாள். வக்கீல் ஆகிவிடுவாள்.

எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியாமல், "உனக்குத் தெரியவே இல்லையேக்கா" என்று வந்துவிட்டது. "அது விரலையே தின்னிருந்தாலும் உனக்குத் தெரிஞ்சிருக்காது. எத்தினி நாளா இப்படி?"

அக்கா கட்டின் நுனியைச் சரிசெய்தாள். "மரமரப்பு கம்மியாத்தான் இருந்துது" என்றாள். "இப்பதான் ஜாஸ்தி ஆயிருக்கும் போல. சொன்னா மலை சுத்த வேணாம்ப. இன்னா பண்றது."

அடுத்தடுத்த ஊசிகளுக்காக அவளை ஊருக்கு அனுப்பாமல் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். குட்டிக்கும் அதுவரை தவணை என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். அத்தை ஊருக்குக் கிளம்பும் நாளுக்குள் வெறுங்காலைக் கடிக்காமல் இருக்கப் பழகினால் இருக்கும், இன்னொரு தடவை யார் காலில் பல் பட்டாலும் அத்தையோடு பஸ் ஏறும். இதற்கு அக்காவும் ஒப்புக்கொண்டாள். ஷூக்கள் மூன்று ஜோடியும் டப்பாவுக்குள் போயின.

பழக்கியது மகள்தான். முதலில் என் கால். நான் ஹாலில் நாற்காலி போட்டு வெறுங்காலோடு உட்கார வேண்டும். குட்டியின் கயிறு அவள் கையில். காலை முகர்ந்து விட்டுவிட்டால் ஒரு துண்டு வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பல்லைத் திறந்தால் கயிறோடு எழுந்து போய்விடுவாள், குட்டி தனியாக நிற்கும். "அப்பா, விரலை மடக்காதீங்க. நீங்க பயந்தா அதுக்குத் தெரியுது." நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அக்கா தூரத்தில் ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கலெக்டராபீசுல ஒக்காந்திருக்கிற மாதிரியே கீறான் பாரு" என்பாள். பிறகு கொலுசோடு மனைவியின் கால். அது கடினமான பாடம். கொலுசுக்குக் குட்டி பலமுறை தோற்றது. ஒருநாள் தோற்காமல் உட்கார்ந்து, கிழங்குக்காக மகளின் முகத்தைப் பார்த்தது. இதற்கிடையில் மகள் டியூஷனுக்குச் சைக்கிளை எடுத்துப் போயிருந்தாள். குட்டிக் கவலையில் எனக்கு அது மறுநாள்தான் உறைத்தது.

அக்கா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் அவள் தானே கேட்டாள்: "என் காலு எப்ப?"

வேண்டாம் என்றேன். புண் ஆறியிருந்தாலும் வேண்டாம். கடித்தாலும் தெரியாத காலை வைத்து என்ன பரீட்சை? அக்கா காதில் வாங்கவில்லை. நாற்காலியை நடு ஹாலுக்கு இழுக்கச் சொன்னாள். புண்ணில்லாத காலை நீட்டினாள். மகள் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினாள். நான் குனிந்து பார்க்கும் தூரத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் பாக்கல. நீ பாத்துச் சொல்லு. கடிக்குதா?"

"இல்ல அத்தை. மோந்து பாக்குது."

"இப்ப?"

"நக்குது."

"பல்லு பட்டுதா?"

"படல அத்தை."

குட்டி பெருவிரலருகே மூக்கை வைத்துக்கொண்டு யோசித்தது. வாய் லேசாகத் திறந்தது. பிறகு அது ஒரு பெரிய கொட்டாவி விட்டு, கிழங்கு வருகிறதா என்று மகளைப் பார்த்தது, கிடைத்ததைத் தின்றது, சுற்றிச் சுற்றி இடம் பார்த்து அங்கேயே சுருண்டு படுத்தது.

"இப்ப இன்னா பண்ணுது?" என்று அக்கா கேட்டாள்.

"படுத்திடுச்சு. உங்க பாதத்து மேல தலைய வச்சிருக்குது."

அக்கா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். காலை எடுக்கவில்லை. "சூடா இருக்குதா?" என்று கேட்டாள்.

மகள் குட்டியின் கன்னத்துக்கும் அத்தையின் பாதத்துக்கும் நடுவில் மெல்லக் கையை நுழைத்துப் பார்த்தாள். "சூடாதான் இருக்குது அத்தை" என்றாள்.

"சரி, இருக்கட்டும்" என்றாள் அக்கா.